ஐந்து ஸ்டட், ஆறு ஓட்டை

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவை. யார் வேகமாக வந்தார், யார் ஒதுங்கவில்லை, யாரிடம் உரிமம் இல்லை என்ற கேள்விகளிலேயே அவை தொடங்கி முடிந்துவிடும். விழுப்புரம் பக்கத்தில் நான் நடத்திய ஒரு வழக்கில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இருக்கவில்லை. கரும்புக் கட்டு ஏற்றிய சின்ன டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் மெதுவாகத்தான் போனது. டிரைவரிடம் உரிமம் இருந்தது, குடித்திருக்கவில்லை, பகல் வெளிச்சம். டிரெய்லரின் வலது சக்கரம் கழன்று ரோட்டைக் கடந்து உருண்டு, எதிரே சைக்கிளில் வந்தவர்மேல் மோதியது. பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருடைய மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் வழக்கறிஞர்.

அந்த டிரெய்லரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. காயலாங்கடையில் எடை போட்டு வாங்கிய பழைய ஜீப் ஆக்சில், இரும்புச் சேனலில் பற்றவைத்த சட்டம், மேலே பலகை, முன்னால் கொக்கி, அவ்வளவுதான். எருவும் விதைக்கரும்பும் தண்ணீர் டிரம்மும் ஏற்றப் போதும் என்று உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்கியது. இப்படிப்பட்ட டிரெய்லர்கள் ஊருக்கு ஊர் இருப்பதற்குக் காரணம் விவசாயியின் சிக்கனம் மட்டுமல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதி 1993-ல் திருத்தப்பட்டபோது, வண்டி செய்கிறவர்கள் எல்லாரும் முதல் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சொன்ன அதே வாக்கியம் டிரெய்லர்களை விலக்கி வைத்தது. சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்த சட்டம் பதிவிலிருந்து விலக்குக் கொடுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப் பிரிவின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே; ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். பதிவுக்கு விற்பனைச் சான்று கேட்பார்கள். காயலாங்கடை ஆக்சிலுக்கு அதை யார் தருவது? அதனால் இந்த விவசாயியின் டிராக்டருக்குப் பதிவும் இன்சூரன்சும் முறையாக இருந்தன, டிரெய்லருக்கு இரண்டுமே இல்லை.

விபத்து நடந்த பருவத்தில் டிரெய்லரின் வலது டிஸ்க் விரிசல் விட்டது. ஆலையின் கட்டிங் ஆர்டர் வந்து கரும்பு வெட்டிக் கிடந்த நேரம் அது. வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் நாளுக்கு நாள் எடையும் சாறும் குறையும் என்பதால் ஒரு நாள் தாமதமும் விவசாயிக்குப் பண நஷ்டம். ஜீப் ஹப்பில் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் ஐந்து. காயலாங்கடையில் அவருக்குக் கிடைத்ததோ ஆறு ஓட்டை டிஸ்க். இரண்டையும் அளந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஸ்டட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் ஜீப்பில் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். அந்த ஆறு ஓட்டை டிஸ்கிலும் அதே அளவுதான். வட்டம் ஒன்று, ஆனால் அதைப் பங்கு போட்ட விதம் வேறு. ஐந்தாகப் பிரித்தால் இடைவெளி 72 பாகை, ஆறாகப் பிரித்தால் 60 பாகை. ஒரு ஸ்டட்டை ஒரு ஓட்டையில் நுழைத்தால் மற்ற நான்கில் எதுவும் நுழையாது. இரண்டு ஸ்டட்டுகள் பக்கத்து ஓட்டையிலிருந்து 12 பாகையும், மீதி இரண்டு 24 பாகையும் தள்ளி நிற்கும். அந்த வட்டத்தில் 12 பாகை என்பது ஏறக்குறைய 15 மில்லிமீட்டர், 24 பாகை என்பது 29. பட்டறையில் கியாஸ் கட்டிங் வைத்து அந்த நான்கு ஓட்டைகளையும் பக்கவாட்டில் நீட்டி, தடித்த வாஷர் போட்டு நட்டை இறுக்கி அனுப்பியிருந்தார்கள்.

இவையெல்லாம் கோர்ட்டுக்குத் தானாகத் தெரிந்துவிடவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை பிரேக், ஸ்டியரிங் பற்றி எழுதிவிட்டு, டிரெய்லரின் ஒரு சக்கரம் கழன்ற நிலையில் உள்ளது என்ற ஒரு வரியோடு முடிந்திருந்தது. ஏன் கழன்றது என்பதுதான் முழு வழக்குமே. தீர்ப்பாயம் தனக்கு உதவியாகத் துறை அறிவு உள்ள ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று 169-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. அதிகம் பயன்படுத்தப்படாத உட்பிரிவு அது. அதைக் காட்டி மனுப் போட்டேன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவரை நீதிபதி அழைத்தார். அவர் போலீஸ் காவலில் கிடந்த டிஸ்கையும் ஹப்பையும் கோர்ட்டுக்கே வரவழைத்து, சார்ட் அட்டையில் வட்டம் போட்டுக் காட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக விளக்கினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. நட்டை இறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. அந்த இழுவிசை டிஸ்கை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. ஓடும் வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்தப் பிடிப்பினால் உண்டாகும் உராய்வு. ஸ்டட்டுகள் பக்கவாட்டில் பாரம் தாங்க வைக்கப்பட்டவை அல்ல. நட்டின் அடி கூம்பாக இருக்கும், டிஸ்கின் ஓட்டை வாயும் அதற்கேற்பச் சரிந்திருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் நட்டு தன் இடத்தில் உட்காரும். ஓட்டையை நீட்டியதும் அந்தச் சரிவு போய்விட்டது. தட்டை வாஷரின்மேல் கூம்பு நட்டு விளிம்பால் மட்டுமே நின்றது. போதாக்குறைக்கு டிஸ்கின் மையத் துளையும் ஹப்பின் கழுத்தைவிடப் பெரிதாக இருந்தது. பாரம் ஸ்டட்டுகள்மேல் விழுந்தது, ஒவ்வொரு சுற்றிலும் அவை இப்படியும் அப்படியும் வளைந்தன. அறுந்த ஸ்டட்டுகளின் முகத்தில் வளையம் வளையமாக வழவழப்பான கோடுகள் இருந்தன. கடைசியில் அறுந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தது. ஒரே அடியில் அறுந்தால் முகம் முழுவதும் சொரசொரப்பாக இருக்கும் என்றார் அவர். இது பல நாள் அறுந்தது.

பல நாள் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் கனம் உண்டு. வண்டியின் சொந்தக்காரர் தரப்பு எடுத்த முதல் வாதம், இது கண்ணுக்குத் தெரியாத இயந்திரக் கோளாறு, யாருடைய கவனக்குறைவும் இல்லை என்பது. அந்த வாதத்துக்கு எல்லை எது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே மினு பி. மேத்தா வழக்கில் சொல்லிவிட்டது. கோளாறு என்று சொல்கிறவர், அது மறைந்து கிடந்த கோளாறு என்றும், நியாயமான கவனம் எடுத்தும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் தாமே நிரூபிக்க வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் தானாகக் கழன்றது என்பதே கவனக்குறைவுக்கு முதல் சாட்சி. அதை மறுக்கும் சுமை வண்டிக்காரருடையது. ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தச் சக்கரம் சரியாக இல்லை என்பது விபத்துக்கு முன்பே யாருக்காவது தெரிந்திருந்ததா?

டிராக்டர் டிரைவர் நல்ல மனிதர். முதலாளிக்காகப் பொய் சொல்லத் தெரியாதவர். குறுக்கு விசாரணையில் நான் அதட்டவில்லை, வளைக்கவும் இல்லை.

“சக்கரத்துல ஆட்டம் இருந்துச்சா?”

“கொஞ்சம் இருந்துச்சுங்க ஐயா.”

“எப்பலேர்ந்து?”

“அந்த டிஸ்க மாட்டுனதுலேர்ந்துதாங்க. அதனாலதான் தெனமும் காலையில பானா போட்டு இறுக்கிட்டுத்தான் வண்டிய எடுப்பேன். ஒரு நாளும் இறுக்காம எடுத்ததில்லீங்க.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தவன் என்று கோர்ட்டுக்குத் தெரியட்டும் என்றுதான் அவர் சொன்னார். முதலாளியிடம் சொன்னீர்களா என்றேன். சொன்னேன், லோடு முடியட்டும் பார்த்துக்கலாம் என்றார் என்று பதில் வந்தது. வழக்கு அந்த இடத்தில் எங்கள் பக்கம் திரும்பியது. சரியாகப் பொருத்திய சக்கரத்தின் நட்டுகளை மாட்டிய சில பத்துக் கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை சரிபார்ப்பது கவனம். ஒவ்வொரு நாளும் அவை தளர்ந்து, ஒவ்வொரு நாளும் இறுக்க வேண்டியிருப்பது, இந்தச் சக்கரம் இந்த ஹப்புக்கு உரியது அல்ல என்ற அறிவிப்பு. அறிந்தோ, சாதாரணக் கவனத்தால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ, ஆபத்தான குறை உள்ள வண்டியை அல்லது டிரெய்லரை ரோட்டில் ஓட்டுவதும் ஓட்ட அனுமதிப்பதும் குற்றம் என்கிறது 190-ஆம் பிரிவு. டிரெய்லர் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. டிரைவர் கவனம் என்று நினைத்துச் செய்தது சட்டத்தின் பார்வையில் அறிவு ஆயிற்று. நட்டை ஒரு நாளும் தொடாத சோம்பேறி ஒருவர் அந்த வண்டியை ஓட்டியிருந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்க முடியும். என் கட்சிக்காரருக்காக அந்தப் பதிலை நான் வாங்கியாக வேண்டியிருந்தது. வாங்கிய பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பது எளிதாக இல்லை.

குற்றவியல் கோர்ட்டில் அவர் விடுதலையானார். அதை வைத்து இழப்பீட்டு வழக்கையும் தள்ளச் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு ஒன்று இதற்குப் பதில் வைத்திருக்கிறது. என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள் வழக்கில், 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சிறைக்கு அனுப்பப் போதுமான கவனக்குறைவும் இழப்பீடு கொடுக்கப் போதுமான கவனக்குறைவும் வேறு வேறு அளவுகோல்கள் என்று தெளிவாக்கினார். தீர்ப்பாயம் அதைப் பின்பற்றியது.

பட்டறைக்காரரை வழக்கில் சேர்க்க மனுப் போட்டது இன்சூரன்ஸ் கம்பெனி. வண்டிச் சொந்தக்காரர், டிரைவர், இன்சூரன்ஸ் மூவரைத் தவிர வேறு யாரையும் தீர்ப்பாயத்துக்கு இழுக்க முடியாது என்ற எண்ணம் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1997-ல் ரயில்வே கேட் விபத்து ஒன்றில், விபத்துக்குக் கூட்டுப் பொறுப்பு உள்ள வெளியாரையும் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அந்தத் தடை விலகிவிட்டது. வழக்கு இழுபடும் என்று நான் ஆட்சேபித்தேன், மனு அனுமதிக்கப்பட்டது.

பட்டறைக்காரர் வக்கீல் வைக்காமல் வந்தார். கையில் கார்பன் ஒட்டிய பில் புத்தகம். அதில் அந்தத் தேதியில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, அடாப்டர் பிளேட் லேத்தில் கடைந்து போட. இன்னொன்று, ஓட்டை திறந்து மாட்ட. முதல் வரிக்கு எழுதிய தொகை இரண்டாவதைப் போல நாலு மடங்கு. இரண்டாவது வரிக்கு நேரே விவசாயியின் கையெழுத்து. அடாப்டர் பிளேட் என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். தடித்த வட்டத் தகடு ஒன்றைக் கடைந்து, ஹப்பின் ஐந்து ஸ்டட்டுகளோடு அதை இறுக்கிவிட்டு, தகட்டில் ஆறு புது ஸ்டட்டுகளை ஏற்றினால் ஆறு ஓட்டை டிஸ்க் அதில் அசையாமல் உட்காரும் என்று அவர் சொன்னார். டிஸ்க் ஹப்பின் நடுவிலேயே நிற்கும்படி தகட்டில் ஒரு கழுத்தும் கடைய வேண்டும், அதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார். எங்கள் பாலிடெக்னிக் நிபுணர் தலையை ஆட்டினார். இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“தெரிஞ்சும் ஏன் அப்படிச் செஞ்சு குடுத்தீங்க?” என்றார் நீதிபதி.

“வேணாம்னு சொன்னேங்க ஐயா. கரும்பு காயுதுன்னாரு. நான் செய்யலேன்னா அடுத்த பட்டறையில செஞ்சிருப்பாங்க.”

இந்தப் பதிலைச் சட்டம் எப்படி எடைபோட வேண்டும் என்பதுதான் இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இங்கிலாந்தில் இதே வகையான இரண்டு பழைய வழக்குகள் உண்டு. பிரிட்டானியா சலவை நிறுவனத்தின் லாரி ஆக்சில் பழுதால் நேர்ந்த விபத்தில், 1923-ல், தகுதியான பட்டறையிடம் ரிப்பேருக்குக் கொடுத்த சொந்தக்காரர்மேல் பொறுப்பு இல்லை என்றார்கள். 1939-ல் ஸ்டென்னெட் எதிர் ஹான்காக் வழக்கில், லாரிச் சக்கரத்திலிருந்து கழன்ற ஒரு வளையம் நடைபாதையில் போன பெண்ணின்மேல் மோதியது. சொந்தக்காரர் தப்பினார், சக்கரத்தைச் சரியாகப் பூட்டாத பட்டறைக்காரர் பொறுப்பானார். எதிர்த்தரப்பு இரண்டையும் எடுத்து வைத்து, சொந்தக்காரரை விடுவித்துவிட்டுப் பட்டறைக்காரரைப் பிடியுங்கள் என்றது. நான் சொன்னது இது: அந்த இரண்டு வழக்கிலும் சொந்தக்காரர் வேலையை நம்பிக் கொடுத்தவர், எது நல்ல வேலை, எது மோசமான வேலை என்று அவருக்குத் தெரியாது. இங்கே இரண்டும் விலையோடு எழுதி முன்னால் வைக்கப்பட்டன. தேர்ந்தெடுத்தவர் நம்பியவர் ஆகமாட்டார். பட்டறைக்காரரையும் நான் விட்டுப் பேசவில்லை. பொருந்தாத ஹப்பையும் டிஸ்கையும் பொருத்த ஒப்புக்கொள்கிறவர் அந்த நேரத்துக்கு வண்டி செய்கிறவரின் இடத்தில் நிற்கிறார். வாடிக்கையாளரிடம் எச்சரிக்கை சொன்னதால் ரோட்டில் போகிறவருக்கு அவர் செலுத்த வேண்டிய கடமை தீர்ந்துவிடாது. சைக்கிளில் வந்தவரிடம் யாரும் இரண்டு விலை சொல்லிச் சம்மதம் கேட்கவில்லை.

இதுவரை எல்லாம் எங்களுக்குச் சாதகம். ஆனால் டிரெய்லர் எவ்வளவு மோசம் என்று நான் காட்டக் காட்ட, எங்களுக்குப் பணம் வரும் வழி அடைபடுவது போலவும் தோன்றியது. விவசாயியிடம் நிலம் இருந்தது, பணம் இல்லை. பட்டறைக்காரரிடம் இரண்டும் இல்லை. கொடுக்கக்கூடியது இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுதான். வண்டியின் நிலைமை மோசம் என்பது கம்பெனி தப்பிக்கும் காரணங்களில் ஒன்றல்ல. அப்போதிருந்த 149-ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்கு எதிராகக் கம்பெனி சொல்லக்கூடிய காரணங்களை எண்ணி வைத்திருந்தது; அந்த வரிசையில் வண்டியின் பழுது இல்லை. பாலிசியில் அப்படி நிபந்தனை போட்டிருந்தாலும் மூன்றாம் நபருக்கு எதிராக அது செல்லாது. ஆகவே அவர்கள் வேறு வாசலுக்குப் போனார்கள்: நாங்கள் காப்பீடு செய்தது டிராக்டரை, சக்கரம் கழன்றது டிரெய்லரில், டிரெய்லர் எங்கள் பாலிசியில் இல்லை. சக்கரம் ஹப்போடு பொருந்தாதது அவர்களுக்கு உதவாது. டிரெய்லர் காகிதத்தோடு பொருந்தாதது உதவும். ஆளைக் கொன்ற குறை சட்டத்தில் கணக்கில் வராமல், யாரையும் கொல்லாத குறை குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்க வந்து நின்றது.

இந்தக் கேள்வியில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருந்தன. என் வாதம் எளிமையானது. டிரெய்லர் தானாக ரோட்டில் ஓடாது. அதை ரோட்டுக்குக் கொண்டுவந்ததும், ஆட்டம் தெரிந்த பிறகும் இழுத்துக்கொண்டு போனதும் டிராக்டர். கவனக்குறைவு நிகழ்ந்தது டிராக்டரின் இருக்கையில். டிராக்டருக்கு எடுத்த உரிமம் டிரெய்லர் மாட்டினாலும் செல்லும் என்று 2001-ல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் துணைக்கு எடுத்துக்கொண்டேன். உரிமத்துக்கு இரண்டும் ஒன்றென்றால், அவிழ்த்துப் பார்க்காமல் இழப்பீட்டுக்கும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

தீர்ப்புக்கு வழக்கு நிலுவையில் இருந்தபோது, 2004 ஜனவரியில், ஸ்வரன் சிங் வழக்கின் தீர்ப்பு வந்தது. பாலிசி நிபந்தனையை மீறிய குற்றம் வண்டிச் சொந்தக்காரருடையது என்றாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை அது உறுதிப்படுத்தியது. எங்கள் தீர்ப்பாயம் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. கவனக்குறைவில் முக்கால் பங்கு சொந்தக்காரரும் டிரைவரும், கால் பங்கு பட்டறைக்காரர். குடும்பத்துக்கு முழுத் தொகையையும் கம்பெனி கட்ட வேண்டும். கட்டியதைச் சொந்தக்காரரிடம் வசூலிக்கலாம். பிள்ளைகளின் பங்கு அவர்கள் மேஜராகும்வரை வங்கியில் நிரந்தர வைப்பில் இருக்க வேண்டும், வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அந்த அம்மா காசோலையை வாங்கிக்கொண்டு, அந்த டிரைவர் ஜெயிலுக்குப் போய்விட்டாரா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், போக வேண்டாம் என்றார்.

வசூல் அடுத்து வந்தது. கொடுத்ததைத் திரும்பப் பெறக் கம்பெனி தனி வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று மனுவே போதும் என்று அதே 2004-ல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. விவசாயியின் நிலம் ஜப்திக்கு வந்தது. அடாப்டர் பிளேட்டுக்கும் ஓட்டை திறப்பதற்கும் இருந்த வித்தியாசம் சில நூறு ரூபாய். டிரெய்லருக்கான கூடுதல் பிரீமியமும் பெரிய தொகை அல்ல. அவர் தப்பு செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தப்பு என்று வாதாடி ஜெயித்தவனே நான்தான். ஆனால் வீட்டில் செய்த டிரெய்லரைப் பதிவுக்குக் கொண்டு போக நடக்கக்கூடிய ஒரு வழியை அரசு வைத்திருந்தால், பதிவுக்கு முன்னால் யாராவது ஒருவர் அந்த ஹப்பைக் குனிந்து பார்த்திருப்பார். டிராக்டர் பாலிசி எழுதும்போதே, பின்னால் என்ன மாட்டுவீர்கள் என்ற ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியிருந்தாலும் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். கடைசியில் லோக் அதாலத்தில் தவணைக்குக் கம்பெனி சம்மதித்தது. ஒரு ஏக்கர் போனது, மீதி நின்றது. பட்டறைக்காரரிடம் கால் பங்கைக் கேட்டு விவசாயி போகவே இல்லை.

குற்றவியல் கோர்ட்டின் சான்றுப் பொருள் அறையில் அந்த டிஸ்கும் ஹப்பும் அதற்குப் பிறகும் கிடந்தன. வழக்கு முடிந்த பொருள்களைக் கேட்டு யாரும் வராவிட்டால் ஏலம் போடுவார்கள், எடுப்பவர்கள் பழைய இரும்பு வியாபாரிகள். நீட்டிய ஓட்டைகளோடு அந்த டிஸ்க் மறுபடி காயலாங்கடைக்குப் போய், வேறொருவர் அவசரத்துக்கு அதை வாங்கி மாட்டுவதைத் தடுக்க எதுவும் இல்லை. அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 452-ஆம் பிரிவு, விசாரணை முடிந்த பொருளை ஒப்படைக்கவோ, பறிமுதல் செய்யவோ, அழிக்கவோ உத்தரவிடலாம் என்றது. இறந்தவரின் குடும்பத்தின் சார்பில் மெமோ போட்டு, ஏலத்துக்கு முன்னால் டிஸ்கை இரண்டாக வெட்டிவிட உத்தரவு கேட்டேன். மாஜிஸ்டிரேட் படித்துவிட்டு, அப்படியே செய்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.